நிக்கானிலிருந்து சோனிக்கு: கண்ணும் கையும் புதிதாகப் பழகியபோது

பல ஆண்டுகள் நிக்கான் டி750 கேமராவில் படம் எடுத்துப் பழகிய நான், இப்போது சோனி ஏ7 நான்காம் பதிப்பைக் (இனி ஏ7) கையில் வைத்திருக்கிறேன். நிறுவனம் மாறியது ஒன்று, ஒளியைக் கண்ணுக்குத் திருப்பிவிடும் கண்ணாடி உள்ள எஸ்எல்ஆர் வகையிலிருந்து கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகைக்கு வந்தது இன்னொன்று என இரண்டு மாற்றங்கள் ஒரே நேரத்தில் நிகழ்ந்துவிட்டன. எந்த மாற்றம் எந்தப் பழக்கத்தைத் தொட்டது என்று பிரித்துப் பார்க்கவே எனக்குச் சில மாதங்கள் தேவைப்பட்டன. வாங்கிய வாரத்திலேயே எழுத உட்கார்ந்திருந்தால் மெகாபிக்சல் கணக்கையும் ஃபோகஸ் வேகத்தையும் எழுதி முடித்திருப்பேன். நாள்தோறும் எடுத்துப் பழகிய பிறகு, படங்களின் தரத்தைவிடவும் ஷட்டரை அழுத்துவதற்கு முன்னால் நான் ஒளியைப் பார்க்கும் முறைதான் பெரிதும் மாறியிருக்கிறது என்று தோன்றுகிறது.

ஏன் மாறினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2014ஆம் ஆண்டு வெளிவந்த டி750 இன்றைக்கும் நல்ல கேமராதான். அதன் 24 மெகாபிக்சல் படங்களைப் பெரிய அளவில் அச்சிட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன்; குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1959 முதல் தொடர்ந்து வந்த எஃப் மவுன்ட் என்ற லென்ஸ் பூட்டும் அமைப்பை விட்டு, 2018இல் நிக்கான் தன் மிரர்லெஸ் கேமராக்களுக்காக இசட் மவுன்ட்டைக் கொண்டுவந்தது. கண்ணாடி எழுந்து விழ இடம் விட வேண்டியிருந்ததால் எஃப் மவுன்ட்டில் லென்ஸ் பூட்டும் தளத்துக்கும் படம் பதியும் சென்சாருக்கும் இடையே 46.5 மில்லிமீட்டர் இருந்தது; இசட் மவுன்ட்டில் அது 16 மில்லிமீட்டராகச் சுருங்கியது. நிக்கானின் இணைப்பு வளையமான அடாப்டரை வைத்துப் பழைய லென்ஸ்களைப் பொருத்தலாம் என்பது உண்மை. ஆயினும் தமக்குள்ளேயே மோட்டார் கொண்ட லென்ஸ்களுக்கு மட்டுமே அந்த வழியில் ஆட்டோஃபோகஸ் கிடைக்கும். கேமராவின் மோட்டாரை நம்பியிருக்கும் பழைய டி வகை லென்ஸ்களைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். என்னிடம் இருந்தவற்றில் பெரும்பாலானவை அந்த வகை. எப்படியும் லென்ஸ்களைப் புதிதாகச் சேர்க்க வேண்டும் என்றானபின் எல்லா நிறுவனங்களையும் ஒரே தூரத்தில் வைத்துப் பார்க்கும் சுதந்திரம் வந்துவிட்டது.

அந்த நிலையில் என்னை முடிவெடுக்க வைத்தது லென்ஸ் வரிசைதான். சோனியின் இ மவுன்ட் 2010இல் வந்தது. 2011இலேயே அதன் அடிப்படை விவரங்களை மற்ற லென்ஸ் தயாரிப்பாளர்களுக்கும் சோனி திறந்து விட்டது. 2013இல் முதல் ஏ7, 35 மில்லிமீட்டர் ஃபிலிம் சட்டகத்தின் அளவுள்ள முழுச்சட்டக சென்சாருடன் வெளிவந்தது. அதனால் லென்ஸ் நிறுவனங்களான சிக்மாவும் டாம்ரனும் இந்த மவுன்ட்டுக்காகவே வடிவமைத்த லென்ஸ்கள் இன்று ஏராளமாகக் கிடைக்கின்றன. கேமரா நான்கைந்து ஆண்டுகளில் பழையதாகிவிடும், நல்ல லென்ஸ் அதன் பிறகும் நம்முடன் இருக்கும். ஆகையால் கேமராவைப் பார்த்து லென்ஸ் தேடுவதைவிட, வேண்டிய லென்ஸ்களைப் பட்டியலிட்டுவிட்டு அவை எந்த மவுன்ட்டில் கிடைக்கின்றன என்று பார்ப்பதே சரி என்பது என் உறுதியான எண்ணம்.

கேமரா வந்ததும் முதலில் தடுமாறியது கைதான். முன்புறமிருந்து பார்க்கும்போது நிக்கான் லென்ஸை இடஞ்சுழியாகத் திருப்பிப் பூட்ட வேண்டும். சோனி லென்ஸை வலஞ்சுழியாகத் திருப்பிப் பூட்ட வேண்டும். படிக்கும்போது இது ஒரு வரிச் செய்தி. வெளிச்சம் குறைந்த இடத்தில் நின்றுகொண்டு, கழற்றிய லென்ஸை ஒரு கையிலும் மாட்ட வேண்டிய லென்ஸை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு மாற்றும்போதுதான் அதன் கனம் தெரிகிறது: அறிவு வலஞ்சுழி என்று சொல்லிக்கொண்டிருக்க, மணிக்கட்டு பழைய திசைக்கே போகும். புது வீட்டுக்குக் குடிபோனபின் இருட்டில் சுவிட்சைத் தேடும் கை, பழைய வீட்டுச் சுவரில் அது இருந்த உயரத்துக்கே போவதைப் போன்றது இது. நான் இதை யோசித்துச் சரிசெய்ய முயலவில்லை. மாலை வேளைகளில் மேசைமுன் அமர்ந்து, வெள்ளைப் புள்ளிகளைப் பொருத்திப் பூட்டுவதையும் கழற்றுவதையும் வேறு எதையோ பேசிக்கொண்டே திரும்பத் திரும்பச் செய்தேன். பேச்சு தடைபடாமல் கை சரியான திசையில் திரும்பிய நாளில்தான் இந்தக் கேமரா என்னுடையது என்ற உணர்வு வந்தது.

கேமராவை இயக்கவும் அணைக்கவும் உதவும் வளையம் இரண்டு கேமராக்களிலும் ஷட்டர் பொத்தானைச் சுற்றியே இருந்தது பெரிய ஆறுதல். மேற்புறச் சிறு திரை இப்போது இல்லை. அதில் பார்த்த எண்களை, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குள்ளேயே பார்த்துக்கொள்கிறேன். படத்துக்குத் தரும் ஒளியின் அளவான எக்ஸ்போஷரைக் கூட்டவும் குறைக்கவும் டி750இல் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு சக்கரத்தைத் திருப்பினேன். இங்கே அந்த வேலைக்கு அமைத்துக்கொள்ளக்கூடிய, பூட்டி வைக்கக்கூடிய சக்கரம் ஒன்று கட்டைவிரலுக்கு நேராக இருக்கிறது. மெனுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடிக்கடி வேண்டியவற்றை என் மெனு பக்கத்திலும், மற்றவற்றை நான்கு தனிப்பயன் பொத்தான்களிலும் வைத்துவிட்டால் முழு மெனுவுக்குள் போக வேண்டிய தேவை அரிதாகவே வருகிறது.

இனி வியூஃபைண்டருக்கு வருகிறேன். டி750இல் கண்ணுக்குத் தெரிந்தது லென்ஸ் வழியாக வந்த ஒளியே. அது கண்ணாடியில் பட்டு மேலே ஏறி, பென்டாபிரிசம் என்ற பல முகக் கண்ணாடிக் கட்டியில் திரும்பி, நேராக என் கண்ணுக்கு வந்தது. அதில் கேமராவின் கருத்து எதுவும் கலந்திருக்கவில்லை. ஏ7இல் தெரிவது சென்சார் பார்த்ததைக் கேமரா கணக்கிட்டு, 36.8 லட்சம் புள்ளிகள் கொண்ட சிறு திரையில் காட்டும் படம். முன்னது காட்சி என்றால் பின்னது ஏறக்குறைய முடிந்த படம். இந்த வேறுபாடு தொழில்நுட்பச் செய்தியாக எனக்கு முன்பே தெரிந்திருந்தது. அது என் வேலைமுறையை எப்படித் திருப்பிப் போடும் என்பது பயன்படுத்தியபின்தான் தெரிந்தது.

ஒருவர் சன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் வானம் வெளிறிக் கிடக்கிறது, முகம் நிழலில் இருக்கிறது. பழைய கேமராவில் நான் அனுபவத்தால் எக்ஸ்போஷரை ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூடினால் ஒளி இரட்டிப்பாகும்) கூட்டி வைத்து, ஒரு படம் எடுத்து, கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கிப் பின்திரையைப் பார்ப்பேன். பிறகு சற்றுக் குறைத்து மீண்டும் எடுப்பேன். நான் தலையைக் குனிந்து திரையைப் பார்க்கும் அந்தச் சில வினாடிகளில் எதிரில் இருப்பவரின் முகம் மாறிவிடும், பேச்சு அறுந்துவிடும். இப்போது கேமரா கண்ணிலேயே இருக்கிறது. கட்டைவிரல் சக்கரத்தைத் திருப்பத் திருப்ப, கன்னத்தின் நிழல் மெல்ல இளகுவதையும், கண்ணுக்குக் கீழே இருந்த கருமை விலகுவதையும், அதே வேளையில் சன்னல் சட்டத்தின் ஓரம் வெள்ளையில் கரையத் தொடங்குவதையும் ஒன்றாகப் பார்க்கிறேன். எங்கே நிறுத்த வேண்டும் என்ற முடிவை ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே எடுக்கிறேன். பேச்சும் நிற்பதில்லை.

இதன் விளைவாக நான் எடுக்கும் படங்களின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. முன்பு எடுத்துப் பார்த்துத் திருத்தினேன். இப்போது பார்த்துத் திருத்திவிட்டு எடுக்கிறேன். நிழலை நிழலாகவே விட்டுவிடலாமா என்ற கேள்வியை முன்பு கணினியின் முன்னால் அமர்ந்துதான் கேட்டுக்கொள்வேன். இப்போது அதை அந்த இடத்திலேயே, ஒளி இருக்கும்போதே கேட்டுக்கொள்ள முடிகிறது. கருப்பு வெள்ளையில் எடுக்க நினைத்தால் வியூஃபைண்டரையே கருப்பு வெள்ளைக்கு மாற்றிவிட்டு, நிறத்தால் பிரிந்து தெரிந்த இரண்டு பொருள்கள் நிறம் போனபின் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றனவா என்று பார்த்துக்கொள்கிறேன். சென்சார் தந்த தரவைத் திருத்தாமல் வைத்திருக்கும் ரா கோப்பில் நிறம் பத்திரமாக இருக்கவே செய்கிறது.

ஆயினும் வியூஃபைண்டர் காட்டுவதை அப்படியே நம்பிவிடக் கூடாது. அதில் தெரிவது கேமரா தானே திருத்திச் சுருக்கித் தரும் ஜேபெக் படம் எப்படி வருமோ அந்தத் தோற்றம். ரா கோப்பில் வெளிச்சப் பகுதியிலும் நிழலிலும் அதைவிட அதிக விவரம் ஒளிந்திருக்கும். எனவே முரண் குறைந்த, நிறம் அடங்கிய க்ரியேட்டிவ் லுக் என்ற படத்தோற்ற அமைப்பு ஒன்றையே வைத்துக்கொண்டு, வெளிச்சம் மிகும் இடத்தைக் காட்டும் ஸீப்ரா கோடுகளையும் இயக்கி வைத்திருக்கிறேன். வெண்மேகத்தின் விளிம்பில் அந்தக் கோடுகள் தோன்றத் தொடங்கும் இடம்வரை எக்ஸ்போஷரைக் கொண்டுபோய் நிறுத்துவது எனக்கு ஒத்துவருகிறது. அரங்கில் ஃபிளாஷ் வைத்து எடுப்பவர்கள் இந்த முன்காட்சியை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஃபிளாஷ் ஒளியைக் கணக்கில் கொள்ளாமல் வியூஃபைண்டர் வெறும் இருட்டைக் காட்டும். இரவில் எடுக்கும்போது வியூஃபைண்டரின் பிரகாசத்தையும் கையால் குறைத்து வைக்க வேண்டும். பளிச்சென்ற திரையைப் பார்த்த கண் இருட்டுக்குப் பழகத் திணறும், குறைவாக ஒளியூட்டிய படமும் போதுமான வெளிச்சத்தில் இருப்பதாகவே தோன்றும்.

பழைய வியூஃபைண்டரில் ஒன்றை நான் இழந்திருக்கிறேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். கேமராவை இயக்காமலேயே, லென்ஸ் வழியாகச் சும்மா உலகைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மின்கலம் செலவாகாது, எந்தத் தாமதமும் இருக்காது. பறவையைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பும்போது அதன் சிறகசைவு அந்தக் கணத்திலேயே கண்ணுக்கு வந்தது. மின்னணு வியூஃபைண்டரில் எப்போதும் ஒரு நூலிழைத் தாமதம் உண்டு. வினாடிக்கு 120 முறை புதுப்பிக்கும்படி அமைத்தால் அது பெருமளவு குறைகிறது. பதிலாகக் காட்சியின் கூர்மை சற்றுக் குறையும். பறவைகளுக்கு 120, மனிதர்களுக்கும் நிலக்காட்சிக்கும் கூர்மையான 60 என்று பிரித்து வைத்துக்கொண்டேன்.

ஃபோகஸ் விஷயத்தில் மாற்றம் பெரியது, அதற்கான காரணமும் தெளிவானது. எஸ்எல்ஆரில் ஃபோகஸை அளக்கும் உணரி தனியாகக் கேமராவின் அடியில் இருக்கும். முதன்மைக் கண்ணாடி வழியாகச் சிறிதளவு ஒளி ஊடுருவி, பின்னாலுள்ள சிறு கண்ணாடியில் பட்டு அங்கே போய்ச் சேரும். அந்தப் பாதையின் நீளமும், படம் பதியும் சென்சாருக்கான பாதையின் நீளமும் அணுவளவும் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணில் வைத்த ஃபோகஸ் காதில் போய் நிற்கும். அதனால்தான் ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாக நுண்திருத்தம் செய்யும் வசதி டி750இல் இருந்தது. அளவுகோலைச் சாய்த்து வைத்துப் படமெடுத்துச் சரிபார்ப்பதில் நான் பல மாலைகளைச் செலவிட்டிருக்கிறேன். மிரர்லெஸ்ஸில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸையும் அளக்கிறது. அளப்பதும் பதிவதும் ஒரே இடத்தில் என்பதால் அந்த வேலைக்கே அவசியம் இல்லாமல் போய்விட்டது. டி750இன் 51 ஃபோகஸ் புள்ளிகளும் சட்டகத்தின் நடுப்பகுதியில் கூடியிருந்தன. ஏ7இன் 759 புள்ளிகள் சட்டகத்தில் ஏறத்தாழ 94 விழுக்காட்டை நிரப்புகின்றன.

இதன் பலனைச் சிக்மா 85 மில்லிமீட்டர் எஃப் 1.4 லென்ஸில் முழுமையாக உணர்ந்தேன். லென்ஸில் ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரை முழுவதும் திறந்து வைத்து ஒன்றரை மீட்டர் தூரத்தில் ஒரு முகத்தை எடுத்தால், தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர்தான். சன்னலோரம் அமர்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்த சிறுமியை அப்படி எடுத்தபோது, அவள் வரியோடு வரியாகத் தலையைச் சிறிது சிறிதாக நகர்த்திக்கொண்டிருந்தாள். அருகிலிருந்த கண்ணின் மேல் சிறு வெண்கட்டம் ஒட்டிக்கொண்டே நகர்ந்தது. அவள் பக்கத்தைப் புரட்டித் தலையைத் திருப்பியதும் கட்டம் மறு கண்ணுக்குத் தாவியது. பெரிதாக்கிப் பார்த்தபோது இமைமுடிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றன. மூக்கின் நுனி ஏற்கெனவே மென்மையாகத் தொடங்கியிருந்தது. முன்பென்றால் நடுப்புள்ளியில் ஃபோகஸைப் பூட்டிக்கொண்டு சட்டகத்தை நகர்த்துவேன். அந்த நகர்விலேயே இரண்டரை சென்டிமீட்டர் கரைந்துபோகும். இப்போது ஃபோகஸைப் பற்றிய கவலை இல்லாததால் அவள் விரல் எந்த வரியில் நிற்கிறது, பின்னணியில் திரைச்சீலையின் மடிப்பு தலையை வெட்டுகிறதா என்பனவற்றில் மனம் போகிறது.

ஆனால் யார் மேல் ஃபோகஸ் வைப்பது என்ற முடிவைக் கேமராவிடம் ஒப்படைப்பதில்லை. கூட்டமாக நிற்பவர்களில் எந்த முகம் முக்கியம் என்பது படம் எடுப்பவருக்குத்தான் தெரியும். ஆகவே சட்டகம் முழுவதையும் கேமராவிடம் விட்டுவிடாமல், பின்தொடர உதவும் சிறிய ட்ராக்கிங் புள்ளியை நானே ஒருவர் மேல் வைத்துத் தொடங்கிவைக்கிறேன். அதன்பின் தொடர்வது கேமராவின் வேலை. இந்தக் கேமரா மனிதர், விலங்கு, பறவை ஆகிய மூன்றின் கண்களையும் அடையாளம் காணும். பூச்சிகள் அந்தப் பட்டியலில் இல்லை. பின்னர் வந்த ஏ7ஆர் ஐந்தாம் பதிப்பில்தான் அவை சேர்ந்தன. நாணல் நுனியில் வந்து அமரும் தும்பியை எடுக்கும்போது நான் இன்னும் பழைய முறையிலேயே, ஃபோகஸை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு உடலை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து எடுக்கிறேன். அதில் ஒரு நிறைவு இருக்கிறது.

கேமராவின் ஓசை போனதும் நல்லதே. கண்ணாடி அடித்து எழும் சத்தம் இல்லை. மின்னணு ஷட்டரை வைத்தால் முழு மௌனம். தூங்கும் குழந்தையையும் இசை நிகழ்ச்சியின் மென்மையான பகுதியையும் தயங்காமல் எடுக்கலாம். எனினும் இவ்வகைச் சென்சார்களில் மின்னணு ஷட்டர் சட்டகத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. அந்த இடைவெளியில் வேகமாக நகரும் பொருள் சாய்ந்து தெரியும். சில எல்இடி விளக்குகளின் கீழ் படத்தில் பட்டைகள் விழும். ஓட்டம், ஆட்டம், செயற்கை விளக்கு என்றால் இயந்திர ஷட்டருக்கே திரும்பிவிடுகிறேன்.

நான் எதிர்பாராமல் கிடைத்த மகிழ்ச்சி நிக்கானின் எஃப் மவுன்ட்டுக்கான என் பழைய நிக்கார் 105 மில்லிமீட்டர் எஃப் 2.5 லென்ஸிலிருந்து வந்தது. இ மவுன்ட்டின் தூரம் 18 மில்லிமீட்டர். எஃப் மவுன்ட்டின் 46.5இலிருந்து அதைக் கழித்தால் 28.5 மில்லிமீட்டர். அந்த நீளத்தில், உள்ளே லென்ஸ் கண்ணாடியோ மின்சாரத் தொடர்போ எதுவும் இல்லாத வெறும் உலோகக் குழாய் ஒன்று போதும். லென்ஸ் சரியான இடத்தில் வந்து நிற்கிறது. லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும்படி மெனுவில் அனுமதித்துவிட்டு, சென்சாரை அசைத்து நடுக்கத்தைத் தணிக்கும் அமைப்புக்கு 105 என்ற எண்ணைக் கையால் கொடுத்தேன். டி750இன் உடலில் அந்த அமைப்பே இல்லை. ஆகவே பல பத்தாண்டுகளுக்கு முன் வடிவமைக்கப்பட்ட லென்ஸ் ஒன்று, வியூஃபைண்டருக்குள் நடுக்கமின்றி உறைந்து நிற்பதை முதன்முறையாகப் பார்த்தேன். காட்சியைப் பெரிதாக்கிப் பார்த்தபடி ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது, கண்ணின் கருமணியில் சன்னலின் பிரதிபலிப்பு மங்கலிலிருந்து எழுந்து கூர்மையாகி, மீண்டும் மங்கலுக்குள் போவதைத் தெளிவாகக் காண முடிகிறது. எஸ்எல்ஆரின் வியூஃபைண்டரில் காட்சி விழும் கண்ணாடித் தட்டில் இவ்வளவு உறுதியாக இதே லென்ஸை நான் ஃபோகஸ் செய்ததில்லை.

மின்கலக் கணக்கு மாறும் என்பதை மாற விரும்புகிறவர்கள் முன்பே ஏற்றுக்கொள்ள வேண்டும். கேமரா தயாரிப்பாளர் சங்கமான சிபாவின் அளவீட்டின்படி டி750க்கு ஒரு மின்கலத்தில் 1230 படங்கள். ஏ7க்கு வியூஃபைண்டர் வழியாக 520. எப்போதும் ஒரு திரை எரிந்துகொண்டிருக்கும் கேமராவில் இது இயல்பு. உதிரி மின்கலம் ஒன்று எப்போதும் பையில் இருக்கிறது. யுஎஸ்பி வழியாகக் கேமராவிலேயே மின்னேற்ற முடிவதால் பயணத்தில் பவர் பேங்க் கைகொடுக்கிறது. லென்ஸைக் கழற்றினால் சென்சார் திறந்தே இருக்கும் என்பதால், கேமராவை அணைத்ததும் ஷட்டர் திரை மூடிக்கொள்ளும்படி அமைத்து வைத்திருக்கிறேன். அந்தத் திரை மிக மெல்லியது. விரல் படவே கூடாது.

நிறத்தில்தான் நீண்ட நாள் பொறுமை தேவைப்பட்டது. டி750 கோப்புகளுக்காக நான் உருவாக்கி வைத்திருந்த திருத்த அமைப்புகள் சோனியின் கோப்புகளில் அதே நிறத்தைத் தரவில்லை, தரவும் முடியாது. சென்சாருக்கு மேலுள்ள நிற வடிகட்டிகளும், மென்பொருள் அவற்றைப் பொருள்கொள்ளும் விதமும் வேறு. ஒரு நிறுவனத்தின் நிறம் நல்லது, மற்றொன்றின் நிறம் தாழ்ந்தது என்ற வாதங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. ரா கோப்பில் எடுப்பவருக்கு அது தொடக்கப் புள்ளியின் வேறுபாடு மட்டுமே. நிற அட்டை ஒன்றைப் பகல் ஒளியிலும் அறை விளக்கிலும் படமெடுத்து, அதிலிருந்து எனக்கான நிறத் திருத்தக் கோப்புகளான ப்ரொஃபைல்களை உருவாக்கிக்கொண்டேன். பச்சை இலைகள் விரைவில் வசப்பட்டன. தோலின் நிறம், அதிலும் மாநிறத் தோலின் மேல் மாலை வெயில் விழும்போது தோன்றும் செம்பொன் சாயல், நெடுநாள் கழித்தே நான் விரும்பியபடி வந்தது. வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல், ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் எண்ணில் நானே வைக்கத் தொடங்கியதும் பாதிச் சிக்கல் தீர்ந்தது. அதையும் வியூஃபைண்டரில் பார்த்தபடியே செய்ய முடிகிறது.

இப்போதைக்கு மோட் டயலில் உள்ள மூன்று நினைவு இடங்களில் இரண்டை நிரப்பியிருக்கிறேன். ஒன்றில் மனித முகங்களுக்கான அமைப்பு, இரண்டாவதில் பறவைகளுக்கான 120 புதுப்பிப்பும் தொடர் ஃபோகஸும். மூன்றாவதை ஓடும் நீரைக் கையில் பிடித்தபடியே மெதுவான ஷட்டரில் எடுப்பதற்காக ஒதுக்கி, எந்த வேகம்வரை நடுக்கத்தணிப்பு தாங்குகிறது என்று 55 மில்லிமீட்டர் லென்ஸில் சோதித்துக்கொண்டிருக்கிறேன். மூச்சை வெளியே விட்டபின் அழுத்தினால் கால் வினாடி வரை பாறைகள் கூர்மையாக நிற்கின்றன. அரை வினாடியில் சில படங்களே தேறுகின்றன, அங்கேதான் நீர் நான் விரும்பும் பட்டுத் தன்மைக்கு வருகிறது. 20 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் வந்தபின் அதே அரை வினாடியை மீண்டும் முயல வேண்டும்.